அட்டை: ஒட்டுவதா, உறிஞ்சுவதா?

எங்கள் வீட்டில் ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான். நான் படிக்க உட்கார்ந்தால் மடியில் ஏறுவான். எழுந்தால் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். கடந்த தவணைப் பரீட்சைக்கு முதல் நாள், உம்மம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் மறுபக்கத்தில் வந்து தொங்கினான். எனக்குப் பரீட்சைப் பயம். "அட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு ஈக்காம அங்கால போ!" என்று கத்திவிட்டேன். தம்பி போகவில்லை. உம்மம்மாதான் என் தோளிலிருந்த கையை எடுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

உம்மம்மாவின் வலது கால் சரியாக இயங்காமல் போய் இரண்டு வருடமாகிறது. நான் தம்பிக்குச் சொன்னேன் என்று விளங்கப்படுத்தினேன். "விளங்குது மகள்" என்றார். ஆனால் அதன் பிறகு ஒரு கிழமையாக அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

நாங்கள் உயர்தர வகுப்பில் சொல்லும் பொருளும் என்று படிக்கிறோம். பலபொருள் ஒருசொல்லுக்கு உதாரணம் கேட்டால் 'திங்கள்', 'மாலை', 'ஆறு' என்று எல்லோரும் ஒன்றையே எழுதுகிறோம். 'அட்டை'யும் அப்படிப்பட்ட சொல்தான் என்பது அந்தக் கிழமையில்தான் எனக்குப் பட்டது. தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இந்தச் சொல்லை 'அட்டுதல்' என்ற பழைய வினையோடு சேர்க்கிறது. அட்டுதல் என்றால் அப்புதல், ஒட்டுதல். ஆகவே அட்டை என்றால் 'ஒட்டிக்கொள்வது'. எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. அட்டை என்றதும் நாம் எல்லோரும் நினைப்பது இரத்தத்தைத்தான். பெயர் வைத்தவர்களோ இரத்தத்தைப் பற்றிப் பேசவேயில்லை. அது எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதையே பார்த்திருக்கிறார்கள்.

காகித அட்டையும் இதே வேரில்தான் நிற்கிறது. பல தாள்களைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அது அட்டை. மலையாளத்தில் 'அட்ட' என்றால் இரத்தம் குடிக்கும் அட்டை. தெலுங்கில் 'அட்ட' என்றால் புத்தகத்தின் அட்டை. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. அதனால்தான் நம்முடைய வாழ்க்கை முழுவதும் அட்டையாக இருக்கிறது: கொப்பி அட்டை, அட்டைப்பெட்டி, சஞ்சிகையின் அட்டைப்படம், பரீட்சை அனுமதி அட்டை, தேசிய அடையாள அட்டை. வங்கிக்காரர்கள் 'கடனட்டை' என்று ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். தரம் மூன்றில் படிக்கும் என் தங்கை அந்த விளம்பரத்தைக் 'கடலட்டை' என்று வாசித்தாள். வாப்பா சிரித்துவிட்டு, "பரவாயில்ல, அதுவும் ஒட்டினா விடாது" என்றார்.

உண்மையான கடலட்டை ஒட்டுவதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. மன்னார், யாழ்ப்பாணம், கற்பிட்டிக் கடல்களில் மணலோடு கிடக்கும் அந்தப் பிராணி நட்சத்திர மீனுக்கு உறவு. மணலைத் தின்று அதிலுள்ள கழிவைச் செரித்து மணலைச் சுத்தமாக வெளியே விடுகிறது. அவித்து உலர்த்தி சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் அனுப்புகிறார்கள். மரவட்டையும் அட்டை அல்ல. அது ஆயிரங்கால் என்று சொல்லப்படும் இனம், தொட்டால் சுருண்டுகொள்ளும். உருவம் நீளமாக, வழுவழுப்பாக இருந்தால் போதும், தமிழர் 'அட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இலக்கணம் படிப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: மரம், அட்டை என்பவை சேரும்போது மகரம் கெட்டு, இடையில் வகர உடம்படுமெய் வந்து 'மரவட்டை' ஆகிறது. அட்டைக்கடி, அட்டைப்பெட்டி என்பவற்றில் வல்லினம் மிகும். இதைப் பரீட்சையில் கேட்டால் எனக்குத் துஆச் செய்யுங்கள்.

பழைய இலக்கியப் பக்கம் போனால் அட்டைக்கு எதிர்பாராத ஒரு மரியாதை இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் தும்பைத் திணைக்கு உரை சொல்லும் இடத்தில் 'அட்டையாடல்' என்று ஒரு தொடர் வருகிறது. போரில் உடல் துண்டுபட்ட பின்னும் வீரனுடைய உடல் விழாமல் துடித்து ஆடுகிறது. அட்டையை வெட்டினாலும் அதன் துண்டுகள் ஆடுவது போல. வீரத்தின் உச்சியைச் சொல்ல வந்தவர்களுக்குப் புலியும் யானையும் இருக்க, அட்டைதான் உவமையாகத் தோன்றியிருக்கிறது.

இனி மற்ற மொழிக்காரர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். சமஸ்கிருதத்தில் 'ஜலௌகா', நீரை வீடாகக் கொண்டது என்று பொருள். இலத்தீனில் 'சங்குயிசுகா', இரத்தம் உறிஞ்சி. ஆங்கிலத்தில் 'லீச்'. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வைத்தியர் என்றும் பொருள். வைத்தியக் கலைக்கு 'லீச்கிராஃப்ட்' என்று பெயர். மோதிர விரலை 'லீச் விரல்', அதாவது வைத்தியர் விரல் என்றார்கள். டென்மார்க்கிலும் சுவீடனிலும் வைத்தியருக்கு இன்றும் வழங்கும் சொற்கள் இதே வேரிலிருந்து வந்தவை. வைத்தியரும் அட்டையும் ஒரே சொல்லா, அல்லது ஒலியால் நெருங்கிய இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டனவா என்பதில் மொழியறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எப்படியிருந்தாலும் ஒருவரை 'லீச்' என்று அழைத்தால் அவர் சந்தோஷப்பட்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது.

ஒரே பிராணி. ஒருவர் அதன் வீட்டைப் பார்த்தார், ஒருவர் அது குடிப்பதைப் பார்த்தார், ஒருவர் அது குணப்படுத்துவதைப் பார்த்தார். தமிழர் அது ஒட்டுவதைப் பார்த்தார்கள். அரபுக்காரர்களும் அதையே பார்த்தார்கள். அரபியில் அட்டைக்கு 'அலக்' என்று பெயர். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நம் நாட்டுக்கு வந்த ஓர் அரபு எழுத்தாளரைச் சொல்லவேண்டும்.

இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, ஆதம் மலையில் ஏறினார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பயண நூலில் யானை, இரத்தினக்கல், குரங்கு எல்லாவற்றோடும் அட்டையும் வருகிறது. 'பறக்கும் அலக்' என்று அதை எழுதுகிறார். தண்ணீருக்குப் பக்கத்திலுள்ள மரங்களிலும் புல்லிலும் இருக்கிறதாம். மனிதன் கிட்டே வந்தால் பாய்ந்து ஒட்டிக்கொள்கிறதாம். ஊர் மக்கள் தேசிக்காயைத் தயாராகக் கையில் வைத்திருந்து அதன்மேல் பிழிகிறார்களாம், அது விழுந்துவிடுகிறதாம். ஒரு யாத்திரிகர் இதைப் பொருட்படுத்தாமல் தேசிக்காய் பிழியாமலே இருந்து இரத்தமெல்லாம் போய் இறந்ததாகவும் கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். அட்டை பறப்பதில்லை. இலை நுனியில் பின்பக்கத்தால் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை நீட்டி ஆடிக்கொண்டிருக்கும். நாம் உரசும்போது ஏறிக்கொள்ளும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாததால் பறந்து வந்தது போலத்தான் இருக்கும். மழை நாளில் எங்கள் ஊர் மேட்டுப் பாதையில் நடந்த எவரும் இப்னு பதூதாவைக் குறை சொல்லமாட்டார்கள்.

அவருக்குப் பிறகு முந்நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, கண்டி அரசனிடம் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் தன் புத்தகத்தை வெளியிட்டார். அதிலும் அட்டை இருக்கிறது. தேசிக்காயையும் உப்பையும் துணியில் முடிந்து தடியில் கட்டி, நடக்க நடக்கக் காலில் தட்டிக்கொள்வார்கள் என்கிறார். தேசிக்காய் மாறவேயில்லை. நம் ஈர மலைகளின் தரை அட்டைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலும் 'சிலானிக்கா' என்று நம் நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊருக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து மரக்கறி கொண்டுவரும் அக்காவிடம் கேட்டேன். இடுப்பில் படங்கு கட்டி, காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போவார்களாம். "மழை பெஞ்சா இருவது முப்பது புடுங்கிப் போடுவோம் தங்கச்சி. அதயே பாத்துக்கிட்டு நின்னா கொழுந்து கொறஞ்சிரும். கொறஞ்சா அரைப்பேருதான்" என்றார். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். நாம் காலையில் குடித்த தேநீரில் இதுவும் இருக்கிறது. அவருடைய முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த கதையைப் பற்றி எழுதப் போனால் அது வேறு கட்டுரையாகிவிடும்.

அட்டையை வைத்தியத்துக்கு எடுத்தவர்களும் நம் பக்கத்தவர்களே. சுஸ்ருதரின் நூல் பன்னிரண்டு வகை அட்டைகளைச் சொல்லி, அவற்றில் ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சற்றவை என்று பிரிக்கிறது. இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலில் அட்டை விடுதலுக்கு ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். சில அட்டைகள் நஞ்சுள்ளவை என்று இந்தியர்கள் கூறுவதை எடுத்துச் சொல்லி, பெரிய தலையுள்ளவற்றையும் கறுத்தவற்றையும் விலக்கச் சொல்கிறார். ஓர் ஊர்க்காரர் கண்டதை இன்னோர் ஊர்க்காரர், யார் சொன்னது என்பதையும் மறைக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது. யூனானி வைத்தியத்தில் அந்த வழி இன்றும் இருக்கிறது.

ஐரோப்பாவில் 19 ஆம் நூற்றாண்டில் இது பைத்தியமாகவே மாறியது. தலைவலிக்கும் அட்டை, காய்ச்சலுக்கும் அட்டை. 1833 ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. ஏழைகள் வெறுங்காலோடு குளத்தில் நின்று, கடிபட்டு, பிடித்து விற்றார்கள். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த் அப்படியொரு கிழவரை வைத்துக் கவிதையே எழுதியிருக்கிறார். பிறகு குளங்களில் அட்டை அருகிப் போனது, வைத்தியமும் மாறியது.

ஆனால் கதை முடியவில்லை. 1884 இல் ஜோன் ஹேகிராஃப்ட் என்பவர் அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். பின்னர் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அறுந்த விரலைத் திரும்பத் தைக்கும் சத்திரசிகிச்சையில் நாடிகளை இணைத்துவிடலாம். நாளங்கள் மிக மெல்லியவை, அடைத்துக்கொள்ளும். இரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. விரல் நீலமாகி வீங்குகிறது. அப்போது அட்டையை விடுகிறார்கள். அது தேங்கிய இரத்தத்தைக் குடிக்கிறது. அது விழுந்த பின்னும் சில மணி நேரம் அந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். புதிய நாளங்கள் வளரும் வரை விரல் பிழைத்திருக்கிறது. 2004 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அட்டையை மருத்துவ சாதனமாக அனுமதித்தது. நம்மைத் தோட்டத்தில் எரிச்சல்படுத்தும் அந்த நிற்காத கசிவுதான் அங்கே ஒருவருடைய விரலைக் காப்பாற்றுகிறது.

இப்போது 'அலக்'. நபி (ஸல்) அவர்களுக்கு ஹிராக் குகையில் முதலில் அருளப்பட்ட ஐந்து வசனங்கள் உள்ள ஸூராவின் பெயர் அதுதான். மனிதன் எதிலிருந்து படைக்கப்பட்டான் என்று சொல்லும் இடத்தில் அந்தச் சொல் வருகிறது. தமிழில் 'இரத்தக்கட்டி' என்றே பலரும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'ஒட்டிக்கொண்டிருப்பது' என்று எழுதியவர்களும் உண்டு. தஃப்ஸீர் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது உலமாக்களின் வேலை. நான் சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐன், லாம், காஃப் என்ற அந்த மூன்றெழுத்து வேருக்குத் தொங்குதல், பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். அட்டைக்கும் கட்டியான இரத்தத்துக்கும் பெயர் அதிலிருந்தே வந்தது. கருவும் சுமார் ஒரு கிழமையில் கருப்பைச் சுவரில் பதிந்து ஒட்டிக்கொள்கிறது என்று உயிரியல் படிக்கும் என் தோழி சொன்னாள். அதன் பிறகு ஒன்பது மாதமும் தாயிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. எந்த உம்மாவும் அதற்குக் கணக்குக் கேட்டதில்லை.

அதே வேரிலிருந்து 'தஅல்லுக்' என்ற சொல் வந்தது. உருதுவில் உறவு, தொடர்பு என்று பொருள். இந்தியாவில் 'தாலுகா' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒன்றோடு இணைக்கப்பட்ட நிலப்பகுதி. அர்ஷின் நிழல் பெறும் ஏழு பேரைப் பற்றிய ஹதீஸில், உள்ளம் பள்ளிவாசல்களோடு தொங்கிக்கொண்டிருக்கும் மனிதரைச் சொல்லும் இடத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது புகழ்ச்சி.

பிறகு எப்படி நம்முடைய வாயில் அது வசையாக மட்டும் மிஞ்சியது? அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் தேடும் என்று பழமொழி இருக்கிறது. கீழான குணமுள்ளவர் மாறமாட்டார் என்பதற்குச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அட்டை தோலால் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தால் இறந்துவிடும். மெத்தையில் வைத்தால் அது ஈரச் சருகைத் தேடாமல் வேறு எதைத் தேடும்?

வட்டிக்குக் கொடுப்பவரை அட்டை என்கிறோம். அதையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அட்டை வயிறு நிறைந்ததும் தானாகவே விழுந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் குடிக்காமலும் இருக்கும். நுண்கடன் எடுத்த பெண்களின் வீட்டு வாசலுக்குக் கிழமைதோறும் வருபவர்கள் அப்படி விழுவதில்லை. இந்த ஒப்பீட்டில் அநியாயம் நடப்பது அட்டைக்குத்தான். அதைவிடப் பயமானது, ஒரு முழு மக்கள் கூட்டத்தையே 'உறிஞ்சிகள்', 'ஒட்டுண்ணிகள்' என்று அழைப்பது. ஹிட்லரின் ஜெர்மனியில் யூதர்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஒருவரைப் பூச்சியின் பெயரால் அழைக்கப் பழகிவிட்டால், நசுக்குவது குற்றமாகத் தெரியாது. நம் நாட்டிலும் தோட்டத்து மக்களுக்கும் நம்மவர்களுக்கும் இப்படிப்பட்ட பெயர்கள் கிடைத்திருக்கின்றன. நாமும் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். நானே என் வீட்டுக்குள் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொல்காப்பியம் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தேசிக்காய் வந்ததும் திறந்தார். "நாங்க பள்ளிக்கூடம் போறப்ப சவக்காரம்தான். தேசிக்கா ஆருக்கிட்ட ஈந்திச்சி?" என்றார். பிறகு, "ஒண்ணு எழுத மறந்துட்டீங்க. புடிச்சி இழுக்கப்படாது. இழுத்தா புண்ணாப் போகும். கொஞ்சம் பொறுத்தா தானா விட்டுரும்" என்றார். எழுதிக்கொண்டேன்.

அலக் பற்றிய பகுதியை வாசிக்கும்போது ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் அஸருக்குப் பாங்கு சொன்னது. "வுளூ செய்யணும், வாங்க" என்று கையை நீட்டினார். சுவர் அந்தப் பக்கம்தான் இருந்தது. தம்பி வழக்கம்போல மறுபக்கத்தில் வந்து தொங்கினான். மூன்று பேருமாக மெதுவாகப் போனோம்.